குடும்பிமலையும் பெத்திக்குப்பமும்

2007-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி, இலங்கையின் கிழக்கு மாகாணத்து மட்டக்களப்பு ஜில்லாவிலுள்ள ஒரு பாறைமலை அந்நாட்டு அரசாங்கப் படையின் கைவசமாயிற்று. தமிழர் அதனைக் குடும்பிமலை என்பர். சிங்களர் தொப்பிகல என்பர்; தொப்பிப்பாறை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் தம் தேசப்படங்களிற் பாரன்ஸ் காப் என்று, அதாவது பிரபு ஒருவரின் குல்லாய் என்று, குறித்து வைத்தனர். மூன்று மொழியாரும் அவ்வுச்சியைக் கண்டு தலைமேலுள்ளதொன்றையே நினைத்தனர் என்பது வியப்பே. குடும்பியோ தொப்பியோ என்னும் வழக்கு ஒருபுறம் கிடக்க, அத்தலைக்கு உடம்பாய் அடிவாரத்திற் கிடந்த ஊர்களைப்பற்றிப் பேசுவோர் அரியர். இக்கட்டுரை அவ்வூர்களைப்பற்றியது.

முடிந்துபோன போரைப்பற்றி இப்பொழுது எழுதுவானேன் என்று நேயர் வினவலாம். நம் மாணவருட் பலர் அவ்வாண்டிற் பிறக்கவுமில்லை, பிறந்திருந்தோர் தொட்டிற்குழவிகள். ஆயினும் விடுதி உணவுச்சாலையில் அவர்கள் கூடியிருந்து, எம்மலையை எப்படை எத்தனை நாளிற் பிடித்தது, எம்முகாம் எவ்வாறு வீழ்ந்தது என்று, கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டங்களைக் கணக்கிடுவார்போலக் கணக்கிட்டுப் பேசக் கேட்டிருக்கிறேன். கைப்பேசித் திரையில் ஓடும் படங்களே அவர்க்கு ஆசான். அப்பேச்சில் இருதிறத்து வீரரும் வருகின்றனர். வீரரல்லாதார் ஒருவரும் வருவதில்லை. இளைஞரை இகழ்ந்து யான் இதனைச் சொல்லவில்லை. அவ்வயதில் யானும் பானிபட்டுப் போரின் யானைக் கணக்கை மனப்பாடமாய் வைத்திருந்தவனே. எனினும் பானிபட்டில் வீடிழந்தோர் நம் கல்லூரிக்கு அண்மையில் இல்லை. ஈழத்தில் வீடிழந்தோரோ நம் மின்ரெயிற் பாதையின் கடைக்கோடியிலேயே இருக்கின்றனர்.

மலைமேல் நிலைகொண்ட பகைவனைக் கீழிருந்து ஏறித் தாக்குதல், காலாட்படைக்கு விதிக்கப்படும் வேலைகளுள் மிகக் கொடியதென்பது போர்நூல் வல்லார் யாவர்க்கும் ஒப்பமுடிந்தது. ஏறுவோன் சுமை சுமந்து மூச்சிரைத்து வருகிறான்; மேலுள்ளோன் அவன் வருகையை நெடுந்தூரத்திலேயே கண்டுகொள்கிறான். அங்ஙனமாயின் மலைகளை விட்டுச் சமநிலத்திலேயே பொருதலாகாதோ எனின், ஆகாது. உச்சியிலிருப்பவன் சுற்றுவட்டத்து வழிகளையும் ஆற்றுத்துறைகளையும் கண்ணால் ஆள்கிறான். பீரங்கிக்குக் கண் அவனே. ஆதலின் உள்நாட்டுப் போர் பலவற்றிலும் ஏதேனும் ஒரு மலை பெயர்பெற்று நிற்கும். ஸ்பெயின் தேசத்தில் 1938-ல் நடந்த எப்ரோ ஆற்றுப் போரில், பண்டோல்ஸ் மலைத்தொடரில் 666 என்று எண்ணிட்ட குன்றொன்றுக்காக இருதிறத்தாரும் மாண்டனர். உயரத்தைக் காட்டிய எண்ணே அதற்குப் பெயராயிற்று.

மிஷன் கல்லூரியார் சிறப்பாக அறியத்தக்க குன்றொன்று அமெரிக்காவில் உண்டு. அதன் பெயரே மிஷனரி ரிட்ஜ். தமிழிற் பாதிரிமார் மேடு எனலாம். 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் ஊழியந் தொடங்கிய அதே அமெரிக்கன் போர்டு சங்கத்தார், 1817-ல் செரோக்கி என்னும் பழங்குடியாரிடையே பிரெய்னர்டு மிஷனை நிறுவினர். அம்மிஷன் பாதிரிமாரால் மேட்டுக்கு அப்பெயர் வந்தது. 1838-ல் அமெரிக்க அரசாங்கம் படை கொண்டு செரோக்கியரை அந்நிலத்தினின்றும் துரத்திற்று, மிஷனும் மூடப்பட்டது, பெயர் மட்டும் மேட்டின்மேல் தங்கிற்று. இருபத்தைந்து ஆண்டு கழித்து, அந்நாட்டு உள்நாட்டுப் போரில், தென்னாட்டார் அம்மேட்டின்மீது அரண் அமைத்திருந்தனர். 1863 நவம்பர் 25-ந் தேதி வடநாட்டுச் சேனைக்கு இடப்பட்ட கட்டளை அடிவாரத்துக் குழிகளைப் பிடிக்கவேண்டும் என்பது மட்டுமே. குழிகளைப் பிடித்த போர்வீரர், மேலிருந்து வந்த குண்டுமழையில் அங்கே தரித்திருக்கவும் மாட்டாராய், கட்டளையின்றித் தாமே மேலேறினர். ஏறச்சொன்னவர் யாவர் என்று தளபதி கிராண்ட் சினந்து வினவியதாகச் சொல்லுவர். தென்னாட்டார் தம் அரண்களைச் சரிவு தெரியும் இடத்தில் அமையாது மிகவுயர்ந்த விளிம்பில் அமைத்தமையால், மலைமடிப்புகளில் ஏறிவந்தோர் அவர்தம் துப்பாக்கிகளுக்குத் தென்படவில்லை. மேடு வீழ்ந்தது. படைநூலார் இத்தாக்குதலை மணிக்கணக்காக விரித்தெழுதுவர். அம்மேட்டுக்கு உரியவராயிருந்த செரோக்கியரைப்பற்றி அந்நூல்களில் ஒரு வரி கிடைத்தாற் பெரிது.

நிற்க. குடும்பிமலைப் போர் மலையிலே தொடங்கவில்லை. ஒரு மதகிலே தொடங்கிற்று. 2006 ஜூலையில், திருகோணமலை ஜில்லாவிலுள்ள மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் அடைத்து, கீழ்நிலத்து உழவர்க்கு நீர் செல்லாமற் செய்தனர். அரசாங்கம் படையை ஏவிற்று. ஆகஸ்டில் மூதூரிற் போர் மூண்டு, அவ்வூர் முஸ்லிம் குடிகள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டோடினர். செப்டம்பரிற் சம்பூர் வீழ்ந்தது. நவம்பர் 8-ந் தேதி கதிரவெளியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின்மேற் படையினரின் எறிகணைகள் விழுந்து நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை கைமாறிற்று. மார்ச்சு மாதத்திற் படுவான்கரை பெயர்ந்தது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும் மேற்கேயுள்ளதைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழுமிடமும் படுமிடமும் கொண்டு நாட்டைப் பகுத்த அழகிய வழக்கு அது. ஞாயிறு படும் கரையினின்று குடிகள் மூட்டை முடிச்சுகளோடு எழுங்கரைக்கு ஓடிவந்தனர். அந்த ஜில்லா ஒன்றில் மட்டும் அப்பொழுது இடம்பெயர்ந்து நின்றோர் லட்சத்துக்கு மேல்.

இவ்வளவும் நடந்த பின்னரே மலை. சுற்றிலுமுள்ள காட்டு முகாம்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஜூலை 11-ந் தேதி படையினர் பாறையை அடைந்தனர். புலிகள் தம் ஆட்களிற் பலரை முன்னமே வடக்கே வன்னிக்கு விலக்கிக்கொண்டனர். ஜூலை 19-ந் தேதி கொழும்பு நகரிற் சுதந்திர சதுக்கத்தில், கிழக்கின் உதயம் என்னும் பெயரால் அரசாங்கம் பெருவிழா எடுத்தது. புலிகள் பக்கத்தார் அதனைத் தந்திரமான பின்வாங்கல் என்றனர். இலங்கை எதிர்க்கட்சியாருள் அது வெறுங்காடுதானே என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் உண்டு. வெற்றி என்றவரும், பின்வாங்கல் என்றவரும், வெறுங்காடு என்றவரும் ஒருவரோடொருவர் மாறுபட்டனராயினும், மூவருக்கும் கண் உச்சியின்மேலேயே இருந்தது. வெறுங்காடு என்ற சொல்லே எனக்கு மிகவும் உறுத்துகிறது. அக்காடு மாடு மேய்ப்போர்க்கும் தேனெடுப்போர்க்கும் விறகு கொள்வோர்க்கும் ஒருநாளும் வெறுங்காடாய் இருந்ததில்லை.

மலையில் ஏறினவர் யாவர், மலையைக் காத்தவர் யாவர் என்று சிறிது ஆராய்வோம். இலங்கைக் காலாட்படையிற் சேர்ந்த சிங்கள இளைஞர் பெரும்பாலும் மழையை நம்பிய நாட்டுப்புற ஊர்களின் ஏழைக் குடும்பத்தார். மாதச் சம்பளமே அவரைப் படைக்கு அழைத்தது. எதிர்ப்புறத்திலோ, கிழக்கிலங்கையிற் புலிகள் சிறுவரையும் சிறுமியரையும் படையிற் சேர்த்ததை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் பலகாலும் பதிவு செய்தது. புலிகளினின்று 2004-ல் பிரிந்த கருணா அணியும் அதே செயலைச் செய்ததாகப் பதிவு செய்தது. அப்பிரிவின்பொருட்டு 2004 ஏப்ரலில், வெருகல் ஆற்றங்கரையில் வன்னியிலிருந்து வந்த புலிகளும் கிழக்குப் புலிகளும் தம்முள் தாமே பொருதனர். இருதிறத்தும் தமிழர், இருதிறத்தும் இளையர். இதனைச் சொல்லுமிடத்து நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். விடுதி மேசையிலே பாடப்படும் வீரத்தின் ஒரு பங்கு, தாயின் கையினின்று பிடுங்கப்பட்ட குழந்தையின்மேல் ஏற்றப்பட்ட சுமை என்பதை மறைத்துப் பேசுதல் தமிழ்ப்பற்று ஆகாது.

நம் முன்னோர் மலைமுற்றுகையை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதை இங்குக் கருதுதல் தகும். மதிலை வளைத்தலை உழிஞை என்றும், உள்ளிருந்து காத்தலை நொச்சி என்றும் பெயரிட்டு, வளைப்போனுக்கும் காப்போனுக்கும் தனித்தனி மாலை சூட்டியது புறத்துறை இலக்கணம். ஆயினும் நம் இலக்கியத்திற் புகழ்பெற்ற மலைமுற்றுகை பாரியின் பறம்பு முற்றுகையே. மூவேந்தரும் கூடி வளைத்தனர், பறம்பு வீழ்ந்தது, பாரி மாண்டான். அப்போரில் எவ்வேந்தன் எத்திசையில் நின்றான், எவன் முதலில் ஏறினான் என்பனவற்றைப் புறநானூறு நமக்குத் தரவில்லை. தருவது யாது? முற்றுகைக் காலத்தில் மலையுள் உழவரின்றியே விளைந்த உணவின் கணக்கு. பின்னர், நிலவொளியில் நின்று தந்தையையும் மலையையும் இழந்ததைச் சொல்லும் பாரி மகளிரின் குரல். அம்மகளிரை உடனழைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று, மன்னர்தம் வாயிலில் நின்று மணம் வேண்டிய கபிலரின் நடை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே நம் புலவர் மலையின் வீழ்ச்சியை மலையினின்று இறங்கினோர் வாயிலாகவே அளந்தனர். வென்றோர் மூவர் என்ற தொகை கிடைத்தது. தோற்றோரின் மகளிர்க்கோ பாட்டே கிடைத்தது. இப்பாட்டைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு, மாலையிற் கைப்பேசியில் மலைபிடித்த படத்தைக் கண்டு கைதட்டும் மாணவர்க்கு இரண்டும் ஒரே பொருள் என்று தோன்றாமை தமிழாசிரியராகிய எங்கள் குறையே.

பாரி மகளிரைக் காண விரும்புவோர் பிரான்மலைக்குப் போகவேண்டுவதில்லை. சென்னையிலிருந்து மின்ரெயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குக. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளின் புகை பகலினும் இரவில் மிகுதி. அங்கிருந்து சிறிது தொலைவிற் பெத்திக்குப்பத்தில் 1990-ல் அமைந்த இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுள் அது பெரியவற்றில் ஒன்று. சில ஆண்டுகளுக்குரிய தங்கலாக எழுப்பியது, மூன்று தலைமுறைக்கு ஊராயிற்று. ஆடவரிற் பலர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசியும் ஆலைகளில் நாட்கூலி செய்தும் பிழைக்கின்றனர். அரசாங்கம் மாதப் பணக்கொடையும் அரிசியும் தருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசாங்கம் புதிய வீடுகளுக்கும் படிப்புக்கும் முகாம்களின் வசதிக்குமாக 317 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அறிவித்து, அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. பெயர் மாற்றம் நன்றே. ஆனால் சட்டம் மாறவில்லை.

அச்சட்டத்தைச் சிறிது விளக்குவேன். இந்திய மண்ணிற் பிறந்தமையாலேயே குடியுரிமை பெறும் விதி 1987 ஜூலை 1-ந் தேதியோடு முடிவுற்றது. அதற்குப்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும். பெத்திக்குப்பம் முகாமோ 1990-ல் அமைந்தது. எனவே பெற்றோர் இருவரும் அகதிகளாயின், அம்முகாமிற் பிறந்த குழவி ஒன்றேனும் பிறப்பால் இந்தியக் குடியாக இயலாது. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானம், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தார்க்கு வழி திறந்தது. இலங்கையை அது குறிக்கவேயில்லை. இங்கே பிறந்து, இங்கே பள்ளியிற் படித்து, நம் பிள்ளைகளோடு ஒரே பரீட்சை எழுதித் தேறிய பெண்ணொருத்தி கல்லூரி விண்ணப்பத்தாளில் நாட்டினம் என்ற கட்டத்துக்கு வந்தவுடன் எழுதுகோலை நிறுத்துகிறாள். ஒரு முறையும் கண்ணாற் காணாத தேசத்தின் பெயரை அதில் எழுதவேண்டியிருக்கிறது. படித்து முடித்தபின் சர்க்கார் உத்தியோகமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

ஈண்டு நம் ஜில்லாவோடு தொடர்புடைய மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. குடும்பிமலைக்கு வழிதிறந்த படையெழுச்சியில் முதலில் வீழ்ந்தது சம்பூர் என்றேன். அவ்வூரார்தம் நிலத்தின் ஒரு பகுதியில், இந்திய அரசாங்கத்தைச் சேர்ந்த தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூடி 500 மெகாவாட்டு நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. அதே கழகம் தமிழக மின்வாரியத்தோடு கூடி அமைத்ததே நம் திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள வல்லூர் அனல்மின் நிலையம். சம்பூரார் 2015 முதல் நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினர். 2016-ல் திட்டம் கைவிடப்பட்டது. ஒன்பதாண்டு, தம் ஊருக்கு அணித்தே கூடாரத்தில் இருந்துகொண்டு ஊரைக் காணமுடியாது நின்றவர் அவர். ஈழத்துயருக்கு நாம் வெறும் பார்வையாளர் என்று எண்ணுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க.

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு. குடும்பிமலை வீழ்ந்தமையால் கிழக்கிலே துப்பாக்கி ஓய்ந்தது; இடம்பெயர்ந்தோரிற் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் ஊர் திரும்பினர்; 2008 மே மாதத்தில் மாகாண சபைத் தேர்தலும் நடந்தது; ஆதலின் அத்தாக்குதல் நன்மையே என்று கூறுவாருளர். அவர் சொல்வனவற்றுட் பொய்யில்லை. படுவான்கரைப் பெண்ணொருத்தி தன் வீட்டு முற்றத்தை மீண்டும் பெருக்கினாளாயின், அந்நன்மையை எள்ளிநகையாட நாம் யார்? மற்றொரு சாரார், 1956-ன் தனிச்சிங்களச் சட்டமும் 1983 ஜூலையின் கொலைகளும் கண்டவர் மலையேறாமல் வேறென் செய்வர் என்பர். அதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இவ்விரு சாராரோடும் எனக்கு வழக்கில்லை. யான் வேண்டுவது ஓர் அளவுகோலே. மலை கைமாறியபின் அதன் நிழலில் வாழ்ந்தோர் அந்நிழலுக்கு மீண்டனரா, மீண்டபின் அச்சமின்றி வாழ்கின்றனரா என்று கேட்டு, அதற்குக் கிடைக்கும் விடையைக்கொண்டே வெற்றி தோல்வியைக் குறிக்கவேண்டும். அரசாங்கத்தார்க்கும் அதே கோல். புலிகளுக்கும் அதே கோல்.

அக்கோலை இன்று வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? குடும்பிமலையைச் சூழ்ந்த மட்டக்களப்பு மேற்கெல்லையில் மயிலத்தமடு, மாதவணை என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. வயலிற் பயிர் நிற்கும் காலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை அங்கே ஓட்டிச்சென்று மேய்ப்பது அந்நாட்டுத் தமிழ்ப் பண்ணையாளரின் நெடுநாள் வழக்கம். வேற்று ஜில்லாக்களிலிருந்து வந்தோர் அந்நிலத்தில் உழுது பயிரிடுகின்றனர் என்றும், மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்றும் முறையிட்டு, 2023 செப்டம்பரிற் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டந் தொடங்கினர். அது மாதக்கணக்காக நீண்டது. நம் புறப்பொருள் நூலார் போரின் முதற்றிணையாக வைத்தது வெட்சி, அதாவது பகைவர் ஆநிரையைக் கவர்தல். கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. உழிஞை முடிந்து பதினாறாண்டு கழிந்தபின், அம்மலையடிவாரத்தில் வழக்கு மீண்டும் மாட்டினிடத்தே வந்து நின்றது. அங்ஙனம் நின்றவர் கையில் வேல் இல்லை, மனுக்களே இருந்தன.

மட்டக்களப்பு நமக்கு அயலன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஆல்ட் பாதிரியார் 1814-ல் அங்கே தொடங்கிய பள்ளி, மெதடிஸ்த மத்திய கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகிறது. நம் மிஷன் பள்ளிகளிற் பலவற்றுக்கு அது மூத்தது. இவ்வாண்டு நம் தமிழ்ச் சங்கத்தார் ஈழப்போரைப்பற்றிச் சொற்பொழிவு ஏற்படுத்துவாராயின், பேசுவோரைப் பெத்திக்குப்பத்திலிருந்து அழைக்குமாறு வேண்டுகிறேன். போகவர ரெயிற் சத்தம் சங்கத்துக்குப் பாரமாகாது. வருவோர் மலைகளைப்பற்றி ஒன்றும் சொல்லாமற் போகலாம். விட்டுவந்த கிணற்றையும், அவிழ்த்துவிட்ட பசுவையும், விண்ணப்பத்தாளின் அந்தக் கட்டத்தையும்பற்றிப் பேசக்கூடும். எவ்விடத்தில் கைதட்டுவதென்று தெரியாமற் கேட்போர் விழிப்பர், விழிக்கட்டும்.